ஐஸ் ஏரிக்கு ஒரு தூண்டில் கம்பு

மொகல் தெரு, ரங்கூன்
3 செப்டம்பர் 1925

அத்தான் முருகையா அவர்களுக்குப் பவுனம்மாள் எழுதுவது.

இவ்விடம் நானும், உங்கள் அம்மா நீலாம்பாள் அத்தையும், என் அப்பா தங்கவேலு வைத்துவிட்டுப்போன தூண்டில் கடையும் இருக்கிறோம். அவ்விடத்து க்ஷேமத்தை நீங்களாக எழுதினால் உண்டு.

ஐந்து மாசம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் கையில் கனடா தபால் தலையைப் பார்த்ததும் அத்தை அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "எப்ப வர்றானாம்?" என்றார். நான் ஒரு தடவை படித்தேன். கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருந்ததால் இன்னொரு தடவையும் படித்தேன்.

"தூண்டில் கம்பு வேணுமாம்" என்றேன்.

"தூண்டில் கம்பா? சோறாக்கத்தானே கூட்டிக்கிட்டுப் போனாரு தொரை?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஹார்க்னெஸ் துரை காட்டிலாகா வேலையை முடித்துக்கொண்டு கப்பல் ஏறும்போது நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டே வருஷம், அவர் வீட்டுச் சமையலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்றீர்கள். வருகிற தையோடு இரண்டு வருஷம் முடிகிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. குளிர்காலத்தில் ஏரி கல்லாகிவிடுமாம், அதன் மேல் மனிதர்கள் நடப்பார்களாம், ஓட்டை போட்டு அதற்குள் தூண்டில் விடுவார்களாம், அதற்குத் துரைக்கு ஏற்ற கம்பாகப் பார்த்து அனுப்ப வேண்டுமாம். பக்கத்துக் குடைக்கடை ரஹ்மத்துல்லா பாயிடம் படித்துக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரரு அங்க என்ன குடிக்கிறாரு தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் கடை கடைதான். கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லி அப்பாவுக்கும் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. ஏரியே கல்லாகிற ஊரில் மீனும் முரட்டு மீனாகத்தான் இருக்கும் என்று யோசித்து, மலை மூங்கிலில் ஒன்பதடிக் கம்பு, மூன்று துண்டு, பித்தளைப் பூண் போட்டது, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ராயல் ஏரியில் பிடிக்கிற துரைமார் தலைகீழாக நின்றாலும் இதைப் போல ஒன்று இந்த ரங்கூனில் வேறு கடையில் கிடைக்காது. கம்பில் அடி எது, முனை எது என்று உங்களுக்குத் தெரியாது என்பதால் அடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

துரைக்கு வேண்டியது கம்பு. எனக்கு வேண்டியது ஒரு தேதி. எந்த மாசம், எந்தக் கப்பல் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
பவுனம்மாள்


ஏரிக்கரை, கனடா
10 ஜனவரி 1926

சௌபாக்கியவதி பவுனம்மாளுக்கு முருகையா ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

கம்பு வந்து சேர்ந்தது. கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே புட்டியில் மை உறைந்துபோகிறது. அடுப்பில் காட்டிக் காட்டி எழுதினால் இப்படித்தான் வரும்.

நீ அனுப்பிய கம்பைப் பார்த்து இங்கே சிரிக்காத ஆள் இல்லை. பவுனு, இது நம் ஊர்ப் பசுண்டான் கால்வாய் இல்லை, கரையில் நின்று தூர வீசுவதற்கு. ஏரி மேல் சின்ன மரக்குடிசை ஒன்று வைத்திருப்பார்கள். கோயில் உண்டியல் அறை அளவு கூட இருக்காது. உள்ளே ஒரு பெட்டி போட்டு உட்கார்ந்தால் ஓட்டை நம் காலடியில் இருக்கும். ஒன்பதடிக் கம்பை வைத்துக்கொண்டு நான் கதவைத் திறந்து வெளியே போய் நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் ஓட்டையில் தூண்டிலை விட வேண்டியிருந்தது. பக்கத்துக் குடிசைக்காரன் தன் பெண்டாட்டியையும் கூப்பிட்டுக் காட்டினான்.

முரட்டு மீன் என்று எழுதியிருந்தாய். குளிரில் மீனுக்கு வாய் திறக்கவே சோம்பல். தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது. உன் கம்பின் முனைக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது? முனை முறுக்கிக்கொண்டு நின்றது, மீன் இரையைத் தின்றுவிட்டுப் போயிற்று. நூல் போகிற வளையங்களில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டது. கடைசியில் கம்பை அடுப்போரம் சாத்தி வைத்தேன். இங்கத்து வறண்ட சூட்டில் அடியிலிருந்து பூண் வரை வெடித்துவிட்டது. உலகத்துக்கெல்லாம் கம்பு விற்பது போல மாமா பேசுவாரே, அந்த மலை மூங்கில்தான். உன் சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேண்டியது இதுதான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் போதும். முனை மட்டும் மெல்லியதாக, மீன் மூச்சு விட்டாலும் தலையாட்ட வேண்டும். குளிரில் விறைக்கக்கூடாது. வளையம் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் ஒரே கையால் நாள் முழுவதும் பிடித்திருக்கிற மாதிரி பிடி வேண்டும். தெரிந்தால் செய், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதிவிடு.

துரை சௌக்கியம். என் கைச் சமையல் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அடுத்த குளிர்காலமும் இருந்துவிட்டுப் போ என்கிறார். பெரிய மனுஷர் சொல்லும்போது எப்படி மறுப்பது?

இப்படிக்கு,
முருகையா


மொகல் தெரு, ரங்கூன்
8 மார்ச் 1926

அத்தான் அவர்களுக்குப் பவுனம்மாள் எழுதுவது.

நான் தேதி கேட்டேன். நீங்கள் ஒரு வருஷம் அனுப்பியிருக்கிறீர்கள். துரை சொன்னாராம், இவரால் மறுக்க முடியவில்லையாம். பெண்டாட்டி சொன்னால் மட்டும் மறுக்க நன்றாக வருகிறது.

அத்தை, தாமுவே பேட்டையில் இருக்கிற நம் வீட்டில் நீங்கள் விட்டுப்போன பெட்டியை வெயிலில் வைத்துத் துடைத்து மறுபடியும் உள்ளே வைத்தார். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நான் கடையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பெற்ற தாய்க்காவது ஒரு பதில் வேண்டாமா?

சரி, கம்புக்கு வருகிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதச் சொல்கிறீர்கள். பத்து வருஷம் எங்கள் கடையில் உட்கார்ந்து ஒரு தூண்டில் முள்ளுக்கு ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாமல் போனவர் எனக்குச் சொல்லித் தருகிறார். இதை அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். காவல்காரரிடம் கெஞ்சி, மரத்தூள் போட்ட ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நாலு வகை முனையைச் செருகிவைத்துவிட்டு வந்தேன். மூங்கில், பிரம்பு, பாக்கு மரச் சிம்பு, எருமைக் கொம்பை இழைத்தது. "என்னம்மா, குச்சி ஐஸ் வியாபாரமா?" என்று அந்த ஆள் சிரித்தார். ரங்கூன் வெயிலில் ஐஸில் கம்பு ஊறவைக்கிற பைத்தியம் நான் ஒருத்திதான், யாரால் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் போய் எடுத்துப் பார்த்தேன். மூங்கிலும் பிரம்பும் விறகாகிவிட்டன. பாக்குச் சிம்பு வளைத்ததும் ஒடிந்தது. எருமைக் கொம்பு மட்டும், புல் தடிமனுக்கு இழைத்திருந்தேன், ஒரு சின்ன ஈயக் குண்டைத் தொங்கவிட்டதும் தலையாட்டியது.

ஆகவே அடிக்குத் தேக்கு. எண்ணெய்ச் சத்துள்ள மரம், உங்கள் அடுப்புக்கு வெடிக்காது. முனைக்கு எருமைக் கொம்பு. வளையத்துக்குப் பதில் இரண்டு முளை வைத்து அதில் நூலைச் சுற்றிக்கொள்ளலாம். இதுதான் ஐஸ் ஏரிக்குச் சரியான கம்பு. ஐஸ் ஏரியையே பார்க்காமல், பஜாரில் உட்கார்ந்தபடி சொல்கிறேன், வேண்டுமானால் உங்கள் பக்கத்துக் குடிசைக்காரனிடம் கேட்டுப்பாருங்கள்.

பாக்கி இருப்பது பிடி. நம் கடையில் கை அளவில்லாமல் பிடி கட்டுவதில்லை என்பதாவது மறக்காமல் இருக்கும். மேமியோ மலை ஊரில் இருக்கிற துரைமார் அனுப்புவார்களே, அதைப் போல நாலு விரலையும் சேர்த்து நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். ஹார்க்னெஸ் துரைக்கு முன்பு நானே அளவெடுத்திருக்கிறேன். வாழைப்பூ மாதிரி கை, கடையில் இருந்த நூல் போதாமல் ஒட்டுப்போட்டேன். ஆனால் இப்போது கம்பளி உறை போட்டுப் பிடிப்பார் என்பதால் உறையோடு அளவு வேண்டும்.

அளவு வந்தால் மழைக்குள் கட்டி அனுப்பிவிடுவேன். அதோடு வருகிற குளிர்காலம்தான் கடைசி. துரையிடம் அப்படியே சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்ல வாய் வராவிட்டால் நான் இங்கிலீஷில் ஆள் வைத்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பவுனம்மாள்


ஏரிக்கரை, கனடா
2 மே 1926

சௌபாக்கியவதி பவுனம்மாளுக்கு முருகையா ஆசீர்வாதம்.

எருமைக் கொம்பு என்று எழுதியிருந்தாய். இங்கே ஒருவருக்கும் தோன்றாத விஷயம். அதை மறுபடியும் ஒரு தடவை படித்தேன். தேக்கும் சரிதான்.

கேட்ட அளவு இதில் இருக்கிறது. உறையோடு எடுத்தது. நூலில் இருக்கிற முடிச்சைப் பார்த்துச் சிரிக்காதே, எனக்கு வந்தது அவ்வளவுதான்.

துரைக்கு ஆள் வைத்து ஒன்றும் எழுத வேண்டாம். அவருக்கு வீண் தொந்தரவு. நானே சொல்லிக்கொள்கிறேன். ஏரி உருகிவிட்டது. கம்பு நவம்பருக்குள் வந்தால் போதும்.

அம்மாவிடம் வெயிலில் அலையவேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
முருகையா


மொகல் தெரு, ரங்கூன்
28 ஜூன் 1926

முருகையா அவர்களுக்கு.

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

நூல் வந்தது. முடிச்சு அப்பாவைப் பழிவாங்குவதற்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது, அது கிடக்கட்டும். அந்த நூலைப் பிரித்து மேஜை மேல் வைத்துவிட்டு, அடுத்த கடைக்கு வந்த நூலோ என்று கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளையமாக்கி என் கையில் போட்டேன். எனக்கே நுழையவில்லை. கம்பளி உறை போட்ட துரையின் கை என் வெறுங்கையை விடச் சிறியதாகிவிட்டதா? அந்த ஊர்க் குளிரில் ஏரி கல்லாகும் என்றீர்கள், நம்பினேன். வாழைப்பூ கை வெண்டைக்காய் ஆகும் என்றும் நம்பச் சொல்கிறீர்களா? யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

நான் தூண்டில் விற்கிறவள். கையை அளந்தே வயிறு கழுவுகிறவள். இது ஒரு பெண்பிள்ளையின் கை. சின்ன வயசுக்காரி, வேலை செய்து பழகாதவள், மெல்லிய விரல். அவள் உட்கார்ந்து மீன் பிடிக்கக் கம்பு வேண்டுமாம், அதை ரங்கூனில் இருக்கிற பெண்டாட்டி ஐஸ் கம்பெனி வாசலில் நின்று, காவல்காரன் சிரிப்பை வாங்கிக்கொண்டு, எருமைக் கொம்பை இழைத்துச் செய்து தர வேண்டுமாம். இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது? திருடுகிறவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

அத்தையிடம் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன தலையெழுத்து? "எம் மவன் அப்படிச் செய்யமாட்டான்" என்றார். அப்புறம் நூலை வாங்கிப் பார்த்தார். "செஞ்சாலும் அளவெடுத்து அனுப்புற அளவுக்கு மடையன் இல்ல" என்றார். அவர் தாய், அப்படித்தான் சொல்வார். எனக்கு நீங்கள் அந்த அளவுக்கு மடையர் என்பதில் சந்தேகமே இல்லை.

துரை, துரை என்று எழுதினீர்கள். துரைக்கு எழுதவேண்டாம், வீண் தொந்தரவு என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போது அங்கே வெயில்காலம், மை உறைந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் கையெழுத்து கோழி கிளறினதாகவே இருக்கிறது. பொய் எழுதும்போது கை நடுங்கும் போலிருக்கிறது.

நான் அழவில்லை. கடையைத் திறந்தேன், நாள் முழுவதும் வியாபாரம் செய்தேன். ரஹ்மத்துல்லா பாய் மட்டும் "உடம்பு சரியில்லையா தங்கச்சி?" என்றார். அவருக்கும் ஒரு சிடுசிடுப்பு விழுந்தது, பாவம்.

எப்போது வருகிறீர்கள் என்று இரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். என்னிடம் பிச்சை எடுக்கிற சுபாவம் கிடையாது, ஆனாலும் கேட்டேன். இனிக் கேட்கப்போவது ஒன்றுதான். இந்தக் கை யாருடையது? பெயரை எழுதுங்கள். எழுதினால் பெட்டியை உங்கள் அம்மாவிடமே கொடுத்துவிட்டு நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும் அதையேதான் செய்வேன்.

பவுனம்மாள்


ஏரிக்கரை, கனடா
20 ஆகஸ்ட் 1926

பவுனம்மாளுக்கு.

பெயர் கேட்டாய். முருகையா. உன் அத்தை மகன். உன் புருஷன். அது என் வலது கை.

நீ எழுதியதையெல்லாம் படித்தேன். சின்ன வயசுக்காரி, மெல்லிய விரல் என்று எழுதியிருந்தாய். நாலு விரலைச் சேர்த்து அளவெடுத்து அனுப்பச் சொன்னாய். என்னிடம் இரண்டுதான் இருந்தது, இரண்டைச் சேர்த்து எடுத்து அனுப்பினேன். உறையோடு எடுத்தது உண்மை. மிச்சம் இருக்கிற விரல்களுக்கு ஏற்றபடி அந்த உறையை வெட்டித் தைத்துக்கொண்டேன்.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலம். துரை அப்போது இருந்தார். அவரோடு ஏரி மேல் போயிருந்தேன். தூண்டில் முள் அறுந்துவிட்டது. உறை போட்டுக்கொண்டு முடிச்சுப் போட முடியாது, கழற்றினேன். மாமா சொல்லிக்கொடுத்த முடிச்சு. ஒரு தடவை போட்டேன், சரியில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டேன். துரை போதும் போதும் என்றார். எனக்கு அவர் குரல் கேட்கவில்லை. கடை நிறைய ஆள் இருக்கும்போது, என் கையிலிருந்து நூலைப் பிடுங்கி, "இந்தப் பய கையில எது குடுத்தாலும் விளங்காது" என்று மாமா சொல்வாரே, அதுதான் கேட்டது. எல்லாரும் சிரிப்பார்கள். நீ கல்லாவில் உட்கார்ந்திருப்பாய், நீயும் சிரிப்பாய். அந்த முடிச்சைச் சரியாகப் போட்டுவிட வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

முதலில் விரல் பயங்கரமாக வலித்தது. அப்புறம் வலி நின்றுவிட்டது. ரங்கூன்காரன் எனக்கு என்ன தெரியும்? வலி நின்றால் நல்லதாயிற்று என்றுதானே நினைப்போம். சந்தோஷமாகக் கூட இருந்தது. வீட்டுக்கு வந்து விரல் வெள்ளையாக இருக்கிறதே என்று நேராக அடுப்பில் காட்டினேன். அதையும் செய்யக்கூடாதாம். டாக்டர் வந்து இரண்டு விரலை எடுத்தார். இப்போது இடது கையால் எழுதப் பழகியிருக்கிறேன். உன் கோழி கிளறல் அதுதான்.

துரை அந்த வசந்தத்திலேயே இறந்துபோனார். முதுமை, வேறொன்றும் இல்லை. எனக்குப் பதிலாக அவர் தங்கை வேறு ஆளை வைத்தாள். அங்கே தமிழ்ச் சமையல் யாருக்கு வேண்டும்? நல்லவள், என்றைக்குக் கேட்டாலும் ரங்கூனுக்குக் கப்பல் சீட்டு எடுத்துத் தருகிறேன் என்று அன்றே சொன்னாள். இன்னமும் சொல்கிறாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஏரி மேல் குடிசைகள் போட்டு மீன் பிடித்து விற்கிற ஒருவனிடம் இருக்கிறேன். வெயில் காலத்தில் அவன் படகுகளைக் கழுவுகிறேன். குளிர்காலத்தில் ஓட்டையருகே உட்கார வேண்டும், அதற்குத்தான் இந்தக் கைக்கு ஏற்ற கம்பு கேட்டேன். உன்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்று தெரிந்துதான் கேட்டேன். துரை பெயரில் கேட்டால் செய்வாய், என் பெயரில் கேட்டால் நையாண்டி செய்வாய் என்பதும் தெரிந்துதான்.

தேதி, தேதி என்று கேட்டாய். பத்து விரலும் இருந்தபோதே நான் உங்கள் கடைக்கு உதவாதவன். எட்டு விரலோடு அங்கே வந்து எந்த மூலையில் உட்காருவேன்? மாமா இல்லாவிட்டால் என்ன, அவர் வாய் உனக்கு வந்திருக்கிறதே. உன் கடிதங்களே போதுமே. இத்தனை கடிதத்தில் ஒன்றிலாவது வா என்று கூப்பிட்டாயா? தேதி அனுப்பு என்றுதான் எழுதினாய், சரக்குக்கு எழுதுவது மாதிரி.

கம்பு அனுப்பினால் நல்லது. இங்கேயே இருந்துவிடுவேன், ஒருவருக்கும் பாரமில்லை. அனுப்பாவிட்டாலும் நான் வரப்போவதில்லை. அம்மாவிடம் விரலைப் பற்றிச் சொல்லாதே.

முருகையா


மொகல் தெரு, ரங்கூன்
25 அக்டோபர் 1926

அத்தானுக்குப் பவுனு எழுதுவது.

கம்பு கட்டிவிட்டேன். தேக்கு அடி, கொம்பு முனை, இரண்டு முளை, எட்டு விரல்காரருக்கான பிடி. என் வாழ்நாளில் இதை விட நல்ல கம்பு நான் கட்டியதில்லை. அதை அனுப்பப்போவதில்லை. கடை வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், இது என்ன, துணி அளக்கிற கோலா, மத்தா என்று கேட்கிறார்கள். ஐஸ் ஏரியில் மீன் பிடிக்க என்கிறேன். பர்மாக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு மூங்கில் கொண்டுவருகிற ஊ போ சின் தாத்தா ஒரு நாள் அதைக் கையில் வாங்கி ஆட்டிப்பார்த்துவிட்டு, கௌங்டே என்றார். நல்லா இருக்கு என்று அர்த்தம், நீங்கள் மறந்திருப்பீர்கள்.

கம்பை அனுப்பினால் அங்கேயே இருந்துவிடுவீர்களாம். நீங்களே எழுதிவிட்டு நான் அனுப்புவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் கடல் தாண்டினீர்களோ.

செத்துப்போன மனுஷருக்கு ஒரு வருஷமாகச் சோறாக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். துரை சௌக்கியம், என் சமையல் இல்லாமல் இறங்குவதில்லை. படித்து நானும் அத்தையும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். விரல் போனது விதி, அதற்கு உங்களை ஒன்றும் சொல்லமாட்டேன். அதை மறைத்து என்னை ஒரு வருஷம் கோமாளியாக்கினீர்களே, அதைச் செத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே என்றீர்கள். அன்றைக்கே சொல்லிவிட்டேன். நான் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், எத்தனை நாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது? அழுதார். அப்புறம், "வேற பொம்பளைன்னு சொன்னியேடி, நாக்கு அழுகிப் போயிரும்" என்று என்னைத் திட்டினார். அதன் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எல்லாம் உங்களால்.

அப்பா முடிச்சைப் பற்றி எழுதினீர்கள். அந்த முடிச்சு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அப்பா போட்டதும் அவிழும். பார்வை மங்கியபின் அவர் போட்டதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் நான் பின்னால் வைத்துத் திரும்பப் போட்டுத்தான் வாடிக்கைக்குக் கொடுத்தேன். அந்த மனுஷர் வாயை நம்பி நீங்கள் ஐஸ் மேல் உட்கார்ந்து விரலைத் தொலைத்திருக்கிறீர்கள். எனக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்பா மேல் வருகிறது, உங்கள் மேல் வருகிறது, கல்லாவில் உட்கார்ந்து சிரித்தவள் மேல் எல்லாவற்றையும் விட அதிகமாக வருகிறது.

எந்த மூலையில் உட்காருவேன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பேச்சை நம்பாமல் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வலது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் துணியால் உள்ளங்கையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, அப்போதும் அவிழ்க்கவில்லை. கை முறிந்தவளைப் பார்ப்பது போல எல்லாரும் பார்த்தார்கள். ரஹ்மத்துல்லா பாய் கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் கை இப்படித்தான், பழகிக்கொள்கிறேன் என்றேன். அந்த மனிதர் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். இழைக்கலாம். அரம் போடலாம். தேக்கில் பிடி கடையலாம். கம்பை வளைத்துச் சோதிக்கலாம். வாடிக்கையோடு பேரம் பேச விரலே வேண்டாம். பிரம்பு சுற்றுவது முதலில் வரவில்லை, பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டால் வருகிறது. முடிச்சு மட்டும் வரவே இல்லை. முடிச்சை நான் போடுகிறேன், பத்து வருஷமாக நான்தானே போட்டேன்.

ஆகவே கடைக்கு உதவாதவன் என்ற பேச்சு பொய். இதுவும் நீங்கள் சொன்ன பொய்களோடு சேர்ந்தது.

வா என்று ஒரு தடவை கூட எழுதவில்லை என்றீர்கள். எழுதவில்லைதான். அந்த வார்த்தையை எழுதி நீங்கள் வராமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குப் பயம். தேதி கேட்டால் மானம் போகாது பாருங்கள். இப்போது எழுதுகிறேன். துரையின் தங்கையிடம் கப்பல் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். துரைக்காக இல்லை, அத்தைக்காக இல்லை, கடைக்காகவும் இல்லை. எனக்கு வேண்டும், வாருங்கள்.

இதற்கும் நீங்கள் வராவிட்டால் நான் இன்னொரு கடிதம் எழுதமாட்டேன். அந்தக் கம்பை அடுப்பில் வைத்து, அத்தைக்குக் கஞ்சி காய்ச்சுவேன்.

பவுனு


வான்கூவர் துறைமுகம்
19 டிசம்பர் 1926

பவுனுக்கு முருகையா எழுதுவது.

நாளைக் காலையில் கப்பல் கிளம்புகிறது. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ, என்னோடு வருமோ தெரியாது. ஆனாலும் இதை இப்போதே சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, படகு கழுவுகிற வாளியின் மேல் உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம் இரண்டாம் தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக எனக்கு அப்படிச் சிரிப்பு வந்ததில்லை, முதலாளி ஓடிவந்து பார்த்தான்.

அடி பைத்தியக்காரி, எனக்குப் போனது சுட்டு விரலும் நடு விரலும். நீ கட்டிக்கொண்டு தீபாவளிக் கூட்டத்தில் உட்கார்ந்தது மோதிர விரலையும் சுண்டு விரலையும். சுட்டு விரல் இருக்கிற கையால் எவனும் இழைப்பான், எவனும் கடைவான். நீ கண்டுபிடித்தது ஒன்றுகூட எனக்கு ஆகாது. எந்த விரல் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்காமல் முடிவு கட்டுவதில் நீ மாமாவையும் மிஞ்சிவிட்டாய்.

வாசலில் தொங்குகிற அந்தப் பிடியும் எனக்குச் சேராது. அவிழ்த்து வை. ஆளே நேரில் வருகிறேன், கையைப் பிடித்துப் பார்த்து அளவெடுத்துக்கொள்.

முருகையா